நாலு பெயர், ஒரு வட்டு

ஊத்தான் மெலிந்தாங். விடிய இன்னும் மூன்று மணி நேரம்.
செம்பனை ஆலையின் நிறுவை அறையில்
ஏர்கோன் சளி பிடித்தவனைப்போல் இரைகிறது.
வெளியே ஏழு லோரிகள், என்ஜின் அணைக்காமல்.
குலை வெட்டி ஒரு நாள் தாண்டினால்
எண்ணெயில் புளிப்பு ஏறிவிடும் என்று
வீரபத்திரன் கண்ணாடியைத் தட்டுகிறார், கையில் சாவியோடு.

நான் சர்வரை எழுப்புகிறேன்,
ஐந்தாவது தடவை.

கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் ஏறுகின்றன.
இயங்குதளம் இன்னும் முழுதாய் விழிக்கவில்லை.
கையளவு நினைவில் அடித்த ஒரு கூடாரம்,
அதற்குள் இருந்துகொண்டு
வாசல் வாசலாய்க் கேட்கிறது: யார் அங்கே?

நான், என்கிறது எஸ்-டி-ஏ.
நான், என்கிறது எஸ்-டி-பி.
எஸ்-டி-சி, எஸ்-டி-டி, நானும், நானும்.
நாலுக்கும் ஒரே அளவு, ஒரே பிரிவுகள்,
நேற்று மாலை நிறுத்த கடைசி லோரியின் எடைகூட
நாலிலும் அதே.

கிராணி சௌந்தரேஸ்வரி தே ஓவோடு எட்டிப் பார்க்கிறார்.
"நாலு வட்டா? பில்லுல ஒண்ணுதான போட்டாங்க?
மிச்ச மூணு யாரு காசு?"

யார் காசும் இல்லை, அக்கா.
சர்வரில் இரண்டு அட்டை, பெட்டியில் இரண்டு கதவு,
ஆக நாலு வழி.
வழிக்கு ஒரு பெயர் வைத்துவிட்டது, தூக்கக் கலக்கத்தில்.

ஆபத்து அதில் இல்லை, அவசரத்தில்தான்.
முதலில் கண்ட எஸ்-டி-சியை அப்படியே பிடித்து ஏற்றிவிட்டால்
பின்னால் வந்து நாலையும் சேர்த்துக் கட்டவேண்டியவன்
"ஏற்கெனவே ஆள் இருக்கு" என்று கையை விரித்துவிடுவான்.
பிறகு நாலு வழி இருந்தும் ஒரு வழிதான்.
அது அறுந்தால் ஆலை நிற்கும்.

அக்காவிடம் வேறு மாதிரி கேட்டேன்.
உங்கள் பெயரை எத்தனை விதமாய் எழுதியிருக்கிறார்கள்?
சிரித்தபடியே விரல் மடக்கினார்.
பிறப்புப் பத்திரத்தில் 'சுந்தராஸ்வாரி'.
பள்ளியில் 'சௌந்தரி'.
இபிஎஃப் தாளில் அப்பா பெயர் பாதி ஒட்டிக்கொண்டு.
கிளினிக் அட்டையில், இடம் பற்றாமல், 'சவுன்'.
"ஆனா ஐசி நம்பர் ஒண்ணுதான், தங்கச்சி."

அதேதான்.
வட்டுக்கும் ஒரு ஐசி உண்டு, பிறக்கும்போதே பொறித்தது.
பெயரைக் கேட்காதே, எண்ணைக் கேள்,
எதையும் தொடுமுன் கேள்.
கூடாரத்துக்குள் இருந்த பட்டியலோ போன வருஷத்தது.
ஜூனில் பெட்டியை மாற்றியவர்கள்
அதிலிருந்த எண்ணை மாற்றவில்லை.
செத்துப்போன ஒரு வட்டுக்காக
ஐந்து தடவையும் காத்திருந்திருக்கிறது, பாவம்.

மூன்று கம்பிகளைப் பிடுங்கிவிட்டால் என்ன
என்று ஒரு நிமிஷம் கை போனது, ஒப்புக்கொள்கிறேன்.
நிறுத்தியது டிசம்பர் ஞாபகம்:
பெர்ணம் ஆறு ஏறி ரோட்டை மூடியபோது
வீரபத்திரன் கம்போங் பக்கமாய்ச் சுற்றி வந்தார்.
வேறு வழியில் வந்ததால்
அந்தக் குலையை யாரும் இரண்டாவது லோரி என்று எழுதவில்லை.

கூடாரத்தைப் பிரித்துப் புதிதாய்க் கட்டினேன்.
எண் எழுதினேன்.
ஆறாவது தடவை.

ஒரே பெயர். அதன் கீழே கிளை கிளையாய் நாலு வழி.
மூன்று உயிரோடு.
ஒன்றின் எதிரே: தவறியது.

கூரைப் பலகைக்கு மேலே ஏதோ ஓடுகிறது.
எலிக்கென்று காட்டுக்குள் ஆந்தை வளர்க்கிறார்கள்,
கேபிள் ஓடும் கூரைக்குள் அதுவும் வராது.

தடுப்புக்கட்டை உயர்ந்தது.
பதினாலாயிரத்து இருநூற்று அறுபது கிலோ, ஒரு முறை.
"அந்த நாலாவது?" என்றார் அக்கா.
நாளைக்கு. ஏணி வேண்டும்.

வேலைத்தாளை நீட்டினார்கள்.
மெய்யரசி என்ற இடத்தில் 'மேய் ராசி' என்று இருந்தது.
திருத்தவில்லை.
கீழே ஐசி எண்ணை எழுதிவிட்டு
ஆறிப்போன தே ஓவைக் குடித்தேன்.